இன்று மாற்றம்

மாடிப்படி திரும்பும் இடத்தில்
உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறை.
அவற்றை வெளியேற்றிவிட்டு
ஆறு பிள்ளைகளைத் தந்தார்கள்.
கீழ் வகுப்புகளில்
ஆறுக்கும் ஒரே பெயர்: அடங்காதது.

சுவரில் கயிறு. கயிற்றில் கிளிப். கிளிப்பில் படங்கள்:
செருப்பு, பாவ், கதை, கணக்கு, பாய், வீடு.
இந்த வரிசை மாறாது.
மாறுமென்றால்
காலையிலேயே சிவப்பு அட்டை தொங்கும்:
இன்று மாற்றம்.

பாவைக் கீறி வெண்ணெய் தடவுவதுதான் முதல் பாடம்.
தடவியபின் பக்கத்துத் தட்டைப் பார்த்து
"உனக்கு இன்னும் வேணுமா?" என்று கேட்க வேண்டும்.
ஜெபின் அதைக் கேட்க நாற்பத்தொரு நாள் ஆனது.
கேட்ட அன்று ரிஹானா
"வேணாம்" என்றுவிட்டாள்.
அழுதான்.
அதற்கும் நேரம் ஒதுக்கியிருந்தோம்.

மேசைக்கு அடியில் போவது தப்பில்லை.
மணல் கடிகாரத்தோடு போக வேண்டும், அவ்வளவுதான்.
மணல் தீர்ந்ததும் வரலாம்.
இல்லை, இன்னொரு தரம் கவிழ்க்கலாம்.
இசக்கிராஜ் ஜூன் மாதத்தை
கவிழ்த்துக் கவிழ்த்தே கடந்தான்.

லீலா டீச்சர் சத்தம் போட மாட்டார்.
பிள்ளைகள் நாற்காலி வீசும்போது
அவர் குரல் இன்னும் தாழும்.
எனக்கு முதுகு வியர்க்கும்.
நான் வளர்ந்த வீட்டில்
குரல் தாழ்ந்தால்
அடுத்தது பெல்ட்.
நான் இங்கே உதவியாள். படங்களைத் துடைப்பேன்,
கிளிப்புகளை எண்ணுவேன்.
மேசைக்கு அடியில் எனக்கும் இடம் இருக்குமா என்று
ஒருமுறை குனிந்து பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு திங்கள்
எண்ணியபோது சிவப்பு அட்டையைக் காணோம்.
பாய்க்கடியில், பைகளில், என் பர்ஸில்கூடத் தேடினேன்.

புதன்கிழமை தாராவி முழுக்க மழை.
தொண்ணூறு அடி ரோட்டில் முட்டளவு தண்ணீர்.
கதை முடிந்து திரும்பிப் பார்த்தால்
கயிற்றின் கடைசியில்
வீட்டுக்கும் அப்பால்
சிவப்பு அட்டை தொங்குகிறது,
ஓரங்கள் நைந்து,
இரண்டு நாள் சட்டைக்குள் இருந்ததுபோல்.

இசக்கிராஜ் மேசைக்கு அடியில்.
மணல் எப்போதோ தீர்ந்திருந்தது.
அவன் கவிழ்க்கவில்லை.

லீலா டீச்சர் தரையில் உட்கார்ந்தார்.
"மாற்றம் வீட்டுலயா?"
பதில் இல்லை.
தவழ்ந்து வந்தான்.
எக்கி, வீட்டுப் படத்தைக் கழற்றி
திருப்பி மாட்டினான்.
பின்பக்கம் வெறும் வெள்ளை.

பசிக்கு எங்களிடம் படம் உண்டு.
கோபத்துக்கு மூன்று உண்டு.
இதற்கு என்ன வரைவது?
யார் போனார்கள், யாரை அனுப்பினார்கள்,
சாயங்காலம் வாசலில் யார் நிற்பார்கள்?
டீச்சர் எதையும் கேட்கவில்லை.
அந்த வெள்ளையை அவனோடு சேர்ந்து
பார்த்துக்கொண்டிருந்தார்.

பாவ் முடிந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.
தட்டுகள் கழுவிக் கவிழ்த்தாயிற்று.
ஜெபின் எழுந்து வந்து நின்றான்.
"உனக்கு இன்னும் வேணுமா?"

இசக்கிராஜ் தலையாட்டினான்.

பாவ் இல்லை.
வரிசையிலும் அது இப்போது இல்லை.
லீலா டீச்சர் என்னைப் பார்த்தார்,
சிவப்பு அட்டையைக் கழற்றி
கணக்குக்கு முன்னால் மாட்டினார்.

குடை எடுக்காமல் பேக்கரிக்கு இறங்கினேன்.
சில்லறை இருக்கிறதா என்று
படியில்தான் பார்த்தேன்.