பூஜ்ஜியத்தை அழுத்துங்கள்

லீ பஜாரில் மஞ்சள் மூட்டை இறங்கிக்கொண்டிருந்த
ஒரு வெள்ளிக்கிழமை
எங்கள் லாரி ஆபீசின் போன் பெட்டி செத்துப்போனது.
யாருக்கும் தெரியவில்லை.
போன் அடிக்காத நாளை
வியாபாரம் மந்தம் என்றுதான் நினைத்தோம்.

அன்று ராத்திரி சோலாப்பூருக்கு இந்தப் பக்கம்
ஆக்சில் முறிந்து நின்ற செங்கோடன்
முப்பத்தொரு தடவை கூப்பிட்டிருக்கிறான்.
முதலாளி செல்லை அணைத்துவிட்டுத் தூங்குகிறவர்.
லாரியின் முதுகில் எழுதியிருப்பது ஆபீஸ் நம்பர்.
புதன்கிழமை வந்து சேர்ந்தவன் திட்டவில்லை.
பத்து டன் வெங்காயம், என்றான்.
டீ கேட்டான்.

அத்தியண்ணன் என்னைக் கூப்பிட்டார்.
"நல்லதா ஒண்ணு பாரும்மா பூங்கோதை, வெல பாக்காத."
வாசல் வரை போனவர் திரும்பி நின்று
"ஒரேயடியா பாக்காமயும் இருந்துராத."

மூன்று பேர் வந்தார்கள்.
கோயம்புத்தூர்க்காரர் சித்திரை வெயிலில் டை கட்டியிருந்தார்.
உங்கள் எக்ஸ்சேஞ்ச் இனி கிளவுடில் இருக்கும் என்றார்.
ஜன்னல் வழியே பார்த்தேன்.
சேர்வராயன் மலை மேல் ஒரு துண்டு மேகம் இல்லை.

ஐந்து ரோட்டிலிருந்து வந்தவர்
காத்திருப்பவர்களுக்கு வீணை வாசிக்கும் என்றார்.
ஆக்சில் முறிந்தவனுக்கு எதற்கு என்று கேட்க நினைத்து
கார்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது இலியாஸ்.
சட்டைப்பையில் டெஸ்டர், நகக்கண்ணில் ஈயம்.
வீணைக்காரரைவிட நாலாயிரம் கூடுதல்.
"இடி தாங்குற பெட்டி ஒண்ணு தனியா வப்பேங்க.
அது அவங்க பில்லுல இருக்காது.
மொத மழைக்கப்புறம் இருக்கும்."

மூன்று தாளும் மேஜையில்.
இருபத்துநாலு மணி நேரச் சேவை
என்ற வரி மூன்றிலும்.
அதை எழுத மை இருந்தால் போதும்.

ஞாயிறு ராத்திரி பதினொன்றே கால்.
இட்லிக்கு மாவு அள்ளி வைத்து
கையைக் கழுவிவிட்டு
மூன்று நம்பரையும் கூப்பிட்டேன்.

தமிழுக்கு ஒன்று. அழுத்தினேன்.
பழுதுக்கு நாலு. அழுத்தினேன்.
ஆளோடு பேச பூஜ்ஜியம். அழுத்தினேன்.
என் அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியமானது
என்று ஒருத்தி பதினாறு தடவை சொன்னாள்.
எண்ணினேன்.
பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகவே இருந்தது.

அடுத்தது வீணை.
நல்ல வீணைதான், பொய் சொல்லக் கூடாது.
முடியும் வரை கேட்டேன்.
மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

இலியாஸ் நாலாவது மணியில் எடுத்தார்.
பின்னால் ஒரே காற்று.
"ஏற்காடு ரோட்ல பதினெட்டாவது வளைவுல இருக்கேங்க.
மேல ஒரு லாட்ஜுல மின்னல் அடிச்சு
லைன் பூரா போயிருச்சு.
இன்னிக்கு ராத்திரி என்னால வர முடியாது.
காலைல ஒம்பது மணிக்கு வர்றேன்.
அதுவரைக்கும், உங்க பெட்டில பச்சை லைட் எரியுதா பாருங்க?"

எங்களிடம் இன்னும் பெட்டியே இல்லை என்றேன்.

கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
பிறகு சிரித்தார்.
"சோதிச்சீங்களாக்கும்."

வைத்த பிறகு
மூன்று தாளையும் எடுத்து வரி வரியாகப் படித்தேன்.
'முடியாது' என்ற சொல்
ஒன்றிலும் இல்லை.
இலியாஸின் தாளிலும் இல்லை.
அவர் வாயில் இருந்தது.

நாலாயிரத்துக்கு அத்தியண்ணன் முகம் சுளித்தார், கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசியில் ஒரு தடவை அதுவும் நின்றது.
இரண்டு மணி நேரம்.
நாற்பது நிமிடம் தாமதமாக வந்தார் இலியாஸ்.
தாமதமாகும் என்று
முன்னாலேயே என் செல்லுக்குச் சொல்லிவிட்டார்.
தலை நனைந்திருந்தது, கருவிப் பை நனையவில்லை.

மார்ச் மாசக் கணக்கு முடிக்க
விடிய விடிய உட்கார்ந்திருந்த ராத்திரி
இரண்டு நாற்பதுக்கு போன் அடித்தது.
இரண்டாவது மணிக்குள் எடுத்தேன்.
செங்கோடன். குண்டக்கல் தாண்டி எங்கேயோ.
என்னாச்சு, எங்க நிக்கறீங்க, வண்டி நல்லாருக்கா?

"ஒண்ணுமில்லீங்க" என்றான்.
"எடுக்கறீங்களான்னு பாத்தேன்."