கீழிருந்து ஏறும் வெயில்

முதல் தொப்பியைக் காற்று கொண்டுபோனது.
உயுனி உப்புவெளியில்
ஓடுவதைத் தடுக்கச் சுவரில்லை, செடியில்லை.
உருண்டு உருண்டு புள்ளியாகி
அதுவும் வெயிலாகிவிட்டது.
வெறுந்தலையோடு வந்த நெமேசியோ
"தொப்பிதானே" என்றான்.
தைத்தவள் நான். மூன்று இரவு.

இரண்டாவதற்குத் தாடையில் நாடா வைத்தேன்.
பிடரிக்கு ஒரு திரை:
பள்ளிச் சீருடை தைத்ததில் மிஞ்சிய வெள்ளைத் துணி,
தோள்வரை தொங்கும்படி.
மாலையில் அது பொரித்த அப்பளம்போல் விறைத்திருந்தது.
வியர்வையின் உப்பா, வெளியின் உப்பா,
பிரித்துச் சொல்ல யாரால் முடியும்?
அதன் ஓரம் கழுத்தில் கீறிய கோட்டுக்கு
இரவெல்லாம் லாமாக் கொழுப்பு தடவினேன்.

மூன்றாவதில் காதையும் சேர்த்து மூடினேன்.
பின்னால் வந்த லாரியை அவன் கேட்கவில்லை.
ஓட்டுநர் ஃப்ளாவியோ வாசலில் வந்து நின்று
என்னைத்தான் திட்டினார், அவனை அல்ல.
அன்றிரவே காதுக்கு நேராக
இரண்டு பிறை வெட்டினேன்.
கத்தரிக்கோல் நடுங்கியது
துணி தடிப்பதால் என்று சொல்லிவைத்தேன்.

இத்தனைக்குப் பிறகும்
மூக்கின் அடிப்பக்கம் வெந்து வந்தான்.
துளைக்குள், உதட்டின் கீழ்மடிப்பில்,
சவரத்துக்குத் தலை நிமிர்த்தினால் மட்டும் தெரியும்
அந்த இடத்திலெல்லாம் தோல் உரிந்தது.
கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.
நிழலுக்குள் நின்றவனைச் சுட்டது யார்?

மறுநாள் நானே போனேன்.
தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாணென்ன முழமென்ன என்பார்கள்.
இங்கே வெள்ளம் காலுக்குக் கீழே.
வானம் கொடுத்த கடனை
தரை வட்டியோடு முகத்தில் எறிகிறது.
அண்ணாந்தே தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் நான்;
வெயிலோ கீழிருந்து ஏறிக்கொண்டிருந்தது.
என் வெள்ளை விளிம்பு அதை ஏந்தி
அவன் கண்ணுக்குள் ஊற்றியிருக்கிறது.

கறுப்பு வேண்டும்.
விளிம்பின் அடியில், யாரும் பார்க்காத பக்கத்தில்.
சந்தையில் கேட்ட விலைக்கு
என் கையில் பாதிதான் இருந்தது.
விடுதியில் படுக்கை விரிக்கும் டெமெட்ரியா
பயணி யாரோ விட்டுப்போன குடையைத் தந்தாள்,
கம்பி ஒடிந்தது.
மழைக்கென்று பிறந்த துணி
வெயிலில் வேலைக்குச் சேர்ந்தது.
கறுப்பு நூல் பாதியில் தீர்ந்துபோக
கடைசி அரைவட்டம் சிவப்பில் ஓடியது.
கோணலாகவும் ஓடியது.
தொப்பியின் அடியை
யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்?
விட்டுவிட்டேன்.

பிடரித் திரையைப் பொத்தானில் மாட்டினேன்,
தினமும் கழற்றி அலச.
முகத்தின் கீழ்ப்பாதிக்கு இன்னொரு துணி,
மூச்சுக்கு மட்டும் வழி விட்டு.
விளிம்பு சாணுக்கு இரண்டு விரல் குறைவு;
அதற்கு மேல் போனால் காற்று மறுபடி திருடும்.

அணிந்துபோனவன் மாலையில் சொன்னான்:
துனுபா எரிமலையின் மடிப்புகளை
ஒவ்வொன்றாக எண்ணினேன், பதினொன்று.
பொய்யாக இருக்கலாம். இருக்கட்டும்.
கண் கலங்காமல் சொன்ன பொய்.

அடுத்த வாரம் ஏழு பேர் வந்து
தலையை நீட்டினார்கள்.
ஏழும் ஏழு அளவு.
பெனீக்னோவின் தலையைச் சுற்றிவர
அளவுநாடா இன்னொரு முறை யோசித்தது.
ஏழுக்கும் கறுப்பு நூல் வாங்கினேன்,
முன்பணம் கேட்டு.

ஜனவரியில் மழை இறங்கியது.
உப்பின் மேல் விரற்கடை நீர்;
வானம் மொத்தமும் தலைகீழாகக் குடிவந்தது.
வெட்ட உப்பில்லை, ஏற்ற லாரியில்லை.
சும்மா நடந்தோம், மேகத்தை மிதித்துக்கொண்டு.
வழியில் நின்ற நெமேசியோ
காலடியில் தன்னைக் குனிந்து பார்த்தான்.
நாலு மாதம் தலையில் சுமந்ததை
முதல்முறை அடியிலிருந்து பார்த்தான்.
வெகுநேரம் பார்த்தான்.

"யூலோகியா,
இது சிவப்பு நூலா?"