பின்னால் இரண்டு

"மெத்துன்னு போவும்க்கா, கார் மாதிரி" என்று
பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினான்
வண்ணார்பேட்டை டயர்க்கடை சிந்தா மதார்.
அமுங்கியது.
அதனால்தான் வேண்டாமென்றேன்.

எனக்குப் பின்னால் ஒன்று வருகிறது, தம்பி.
இருபத்தைந்து கேவி ஜெனரேட்டர்,
ரெண்டு சக்கரச் சட்டத்தில், டீசலோடு ஒரு டன்னும் சொச்சமும்.
ஆடி முழுக்கக் கொடை. களக்காடு, பணகுடி, கூடங்குளம் வரைக்கும்.
சாமியாடி மலையேறும்வரை
ஒரு பல்பும் கண் சிமிட்டக் கூடாது.

அடுத்ததை உருட்டி வந்தான்: பெரிய பெரிய பட்டன்.
சேற்றுக்கு நல்லது. தார்ச்சாலையில் பாரம் ஏறினால்
ஒவ்வொரு பட்டனும் தனித்தனியாக நெளியும்.
நீளவாக்கில் வரி ஓடியது எடு.

தள்ளுபடியில் ஒரு ஜோடி இருந்தது.
குனிந்து நாலு எண்ணைப் படித்தேன்,
முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம்:
ஒரு மைல் ஓடாமலே கிடங்கில் நாலு வயது.
"டீச்சராக்கா நீங்க?" சிரித்தான்.
இல்லை. பயந்தவள்.

போன ஆடி.
பணகுடி தாண்டிவிட்டோம், காவல்கிணறு வரவில்லை.
ஆரல்வாய்மொழிக் கணவாயில் பிதுங்கி வந்த காற்று
வலப்பக்கம் ஒரு கை வைத்தது.
இந்தக் கண்ணாடியில் ஜெனரேட்டர் தெரிந்தது.
பிறகு தெரியவில்லை.
அந்தக் கண்ணாடியில் தெரிந்தது.
காற்றாடிகள் எல்லாம் நின்ற இடத்தில் நின்றே சுற்ற
நாங்கள் மட்டும் ரோட்டின் அகலத்தை அளந்துகொண்டிருந்தோம்.
பின்னால் வந்த நாகர்கோவில் பஸ்
ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டது.
அதுதான் பயமாயிருந்தது.
கால் பிரேக்குக்கு ஏங்கியது. கொடுக்கவில்லை.
ஆக்சிலேட்டரை விட்டேன், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன்,
ஓரத்தில் நின்று டயரைத் தொட்டால் தோசைக்கல்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்.
வெல்டரிடம் காசு கொடுத்து இழுவைக் கம்பியை அரையடி நீட்டினேன்.
கொக்கியில் பாரம் உட்கார, ஜெனரேட்டரை ஒரு சாண் முன்னுக்குத் தள்ளினேன்.
காற்றைத் திட்டினேன்.

இதை நான் சொல்லச் சொல்ல,
வயர்மேன் வானமாமலை கடை வாசலில்
ஒரு பழைய ட்யூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"அன்னிக்கி காத்தெ நாந்தான் எறக்குனேன்க்கா."
எவ்வளவு?
"பின்னாடி ரெண்டுலயும். இருவது பவுண்டு இருக்கும்.
இடுப்பு தாங்கல. ஒவ்வொரு குழியும் உள்ள எறங்குது.
சொன்னா லீவு போடச் சொல்லுவிய.
ஆடியில லீவு போட்டா எனக்கு மிச்சம் என்ன இருக்கு?"

சிந்தா மதார் கம்ப்ரசரை அணைத்துவிட்டான்.
திட்டத்தான் வாயைத் திறந்தேன்.
"எட்டுப் ப்ளை, ரெண்டு" என்று வந்தது.
கையிலிருந்த காசு ரெண்டுக்குத்தான்.

"முன்னாடி மாட்டுங்கக்கா, ஸ்டியரிங் சொன்னபடி கேக்கும்."
ஸ்டியரிங் கேட்கும், தம்பி.
கேட்காதது பின்னால் இருக்கிறது. அங்கே மாட்டு.
மாட்டியதும் நானே அமுக்கிப் பார்த்தேன்.
விரல்தான் மடங்கியது.
கழற்றியதில் ஒன்று ஸ்டெப்னிக்கு.
இன்னொன்றை எடைக்கு எடுத்துக்கொண்டான்.

காற்று மீட்டர் ஒன்றை வாங்கி
வானமாமலை சட்டைப்பையில் செருகினேன்.
காலையில், டயர் சூடாகுமுன், எண்ணைப் பார்த்து
நீதான் எனக்குச் சொல்லணும். இடுப்பையும் சேர்த்து.
ஜங்ஷனில் வண்டியை நிறுத்தி
இலவம்பஞ்சுத் தலையணை, உட்கார ஒன்று, முதுகுக்கு ஒன்று.
"எல்லாரும் பாக்காவ" என்றான். பார்க்கட்டும்.

பின்னால் எதுவும் இல்லாமல் வள்ளியூர் திரும்பினோம்.
வெறும் வண்டி, கல்லுமாதிரி டயர்.
ரோட்டின் ஒவ்வொரு ஒட்டும் என் பல்லில் தட்டியது.
அவன் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தான்.
நாங்குநேரிக்கு முன்,
நாற்பத்தேழில்,
தூங்கிப்போனான்.