அடிக்குறிப்பு ஏழு

வாலிநோக்கம், எண்பத்தொன்பது, மாசி.
என் முதல் கணக்கெடுப்பு.
கேள்வி பதினான்கு:
நல்ல தண்ணீர் வாசலுக்கே வந்தால்
குடத்துக்கு எவ்வளவு தருவீர்கள்?
பத்துப் பைசா என்றார்கள், நாலணா என்றார்கள்.
ஜொகராம்மாள் மட்டும்
"நீங்க எம்புட்டுக்கு விப்பீய?" என்றாள்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஊற்றுக்குழி ஆளுயரம்.
சிரட்டையால் வழித்து வழித்து
ஒரு குடம் நிறைய நாற்பது நிமிடம்.
அவசரப்பட்டு ஒரு சாண் கூடத் தோண்டினால் உவர்.

நேரத்துக்கு விலை வைக்க வேண்டும்:
கூலியில் பாதி. அதுதான் வழக்கம்.
ஆனால் அவள் போவது இரவு இரண்டு மணிக்கு.
பகலெல்லாம் ஊர் வழித்த குழி
அப்போதுதான் ஊறிக் கிடக்கும்.
இரவு இரண்டு மணிக்கு வாலிநோக்கத்தில்
யாரும் யாருக்கும் கூலி தருவதில்லை.
ஆகவே பூஜ்யம்.
அடிக்குறிப்பு ஏழில் பொடி எழுத்தில் எழுதினேன்:
இரவு நேரத்துக்கு மாற்றுப் பயன் இல்லை.

பட்டம் வந்தது. மணிலாவில் ஒரு கருத்தரங்கு,
ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒரு பாட்டில் தண்ணீர்.
இணைப் பேராசிரியர், பேராசிரியர், துறைத்தலைவர்,
கண்மாய் மதகுகள் பற்றி இரண்டு நூல்,
குழாய்த் திட்ட ஆலோசனைக் குழுவில் மூன்றாண்டு.
குழாயும் வந்தது, பொய் சொல்லக்கூடாது.
வாரத்துக்கு ஒரு நாள்,
சில வாரம்.

அந்தக் கட்டுரையை
இருநூறு பேருக்குமேல் மேற்கோள் காட்டிவிட்டார்கள்.
ஏழாம் குறிப்பைப் பற்றி
ஒருவரும் கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற வருடம் பங்குனியில் மறுபடி போனேன்.
ஜொகராம்மாள் மவுத்தாகி ஒன்பது வருடம்.
மருமகள் பௌசியா, ஐந்து குடத் தள்ளுவண்டியோடு
முக்கில் லாரிக்கு நிற்கிறாள்.
குடம் பன்னிரண்டு ரூபாய்.
என் சமன்பாடு சொன்னது பதினொன்று நாற்பது.
ஒரு கணம் சந்தோஷப்பட்டேன்.
அந்த ஒரு கணத்தையும் இங்கே பதிவு செய்கிறேன்.

லாரி எப்போது வரும்?
"அது வாற நேரந்தான். நேத்து ரெண்டு மணிக்கு."
பகலிலா?
பௌசியா சிரித்தாள்,
வண்டியின் பிரேக் கல்லைக் காலால் நகர்த்தியபடி.

வயதாகிவிட்டது.
இப்போது எனக்கும் இரண்டு மணிக்கு விழிப்பு.
விளக்கைப் போடாமல்
சமையலறைக் குழாயடியில் ஒரு குடத்தை வைக்கிறேன்.
ஒரு நிமிடத்தில் நிரம்பி வழிகிறது.

குழாயை மூடிவிட்டு
மீதி முப்பத்தொன்பது நிமிடம்
நின்றுகொண்டிருக்கிறேன்.