ரேட் போர்டில் இல்லாதது

மத்ரா மீன் மார்க்கெட்டுக்குப் பின்சந்து.
கடையில் இரண்டு நாற்காலி, ஒன்று ஆடும்.
வியாழன் ராத்திரி ஷட்டரில் கை வைத்தபோது
டிராமா கம்பெனி ஆள்
ஏழு பையன்களோடு வந்து நின்றான்.

கையில் ஒரு படம். நகலின் நகல்.
துறைமுகத்தில் கப்பல் பார்க்கும் சிறுவர்கள்,
ஆயிரத்து எண்ணூற்று எழுபதோ எண்பதோ.
இப்படியே வேணும், விடிந்தால் ஷூட்டிங் என்றான்.

படத்தில் நாலு மொட்டை,
ஒரு காதின் மேல் கத்தி கீறிய தழும்பு.
ஒருவனுக்கு முன்மண்டை மழித்துப் பின்னால் குடுமி,
கட்ச்சிலிருந்து வந்த வியாபாரியின் பிள்ளையாக இருக்கலாம்.
ஒருவனுக்குக் குல்லாய், அதனடியில் என்னவோ.
ஓரத்தில் நிற்பவனுக்குத் தோளில் விழும்
இரண்டு பின்னல்.

பொண்ணா?
பையன்தான். அப்ப அப்படி.
அவனுக்கும் யாரோ சொன்னதுதான்.

மொட்டைகள் சீக்கிரம் முடிந்தன.
குடுமிக்கு உட்கார்ந்தான் சிட்டகாங்காரர் மகன் ரஃபீகுல்.
ஞாயிற்றுக்கிழமை ஸ்கூலில் உள்ளே விடமாட்டாங்க என்றான்,
அழாமல்.
அவன் அப்பா பணத்தை முன்னமே வாங்கிவிட்டார்.

பலூச்சிப் பையன் தில்முராதுக்கு முடி ஏற்கெனவே நீளம்.
ஆடுகிற நாற்காலியில் ஏறி முதுகைக் காட்டினான்.

இருபத்திரண்டு வருஷம் வெட்டியிருக்கிறேன்.
ஒரு தலையும் பின்னியதில்லை.

சுரண்டைக்கு ஐமோவில் போட்டேன்.
செண்பகவல்லி திட்டிக்கொண்டே
தூங்கிய மகளை எழுப்பி உட்கார்த்தினாள்.
போனைப் பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்தேன்.
மூணாப் பிரிங்க. இடதைத் தூக்கி நடுவுல போடுங்க.
இழுக்காதீங்க, வலிக்கும்.

நெட் நிற்கும்போது
அவள் விரல் மகள் முடிக்குள் அப்படியே நிற்கும்.
நானும் நிற்பேன்,
கையில் ஓர் இழையோடு.

அங்கேயும் முதுகு, இங்கேயும் முதுகு.
இடுப்பைத் தாண்டி வளர்ந்திருக்கிறது.
யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்டிருக்கவில்லை.

தில்முராத் கண்ணாடி வழியே போனை எட்டிப் பார்த்து
அவளோடது நேரா இருக்கு என்றான் இந்தியில்.
அவிழ்த்துத் திரும்பப் போட்டேன்.
ரெண்டாவது பரவாயில்லை.

ரிப்பன் இருக்காப்பா என்றாள் மகள்,
கண்ணைத் திறக்காத குரலில்.
ஆம்பளைக் கடையில் ஏது ரிப்பன்?
கன்னத்து முடி எடுக்கிற நூலில் முடிந்தேன்.

கம்பெனி ஆள் பர்ஸைத் திறந்து
சுவரில் ரேட் போர்டைப் படித்தான்.
கட்டிங், ஷேவிங், டை, ஃபேஷியல்.
பின்னலுக்கு எவ்வளவு?

மொட்டை ரேட்டையே சொன்னேன்.

போன் இன்னும் கட் ஆகவில்லை.
தரையில் மல்லாக்க வைத்துவிட்டார்கள் போல,
எங்கள் வீட்டு ஃபேன்
சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.