பினட்ட

சனிக்கிழமை, மத்தியஸ்த சபை.
திருகோணமலைப் பாடசாலையொன்றின் ஆறாம் வகுப்பு.
கரும்பலகையில் நேற்றைய பின்னக் கணக்கை
யாரும் அழிக்கவில்லை.

கொட்பே குசுமாவதி ஒரு வாங்கில்,
சல்லி அருமைலிங்கம் மறு வாங்கில்,
நடுவே நான், இரண்டு மொழிக்கும் ஒரே தொண்டையோடு.

தலைகீழ் வழக்கு.
கடன்பட்டவர் முறைப்பாட்டுக்காரர்.
பணம் வரவேண்டியவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கிறாள்.
அவள் புருசன் விட்டுப்போன எஞ்சின்,
பதினைந்து குதிரைவலு,
இப்போது அருமைலிங்கத்தின் தோணியில்.

"ஏக்க மங் பினட்ட துன்னே" என்றாள்.
சபை என் பக்கம் திரும்பியது.

சும்மா கொடுத்தேன் எனலாம். பிழையில்லை.
மரக்கறியோடு கறிவேப்பிலை வருவதும் பினட்டதான்.
புண்ணியத்துக்கு எனலாம்.
ஆனால் நாங்கள்
"உனக்குப் புண்ணியமாப் போகும், வாயை மூடு" என்றுதான்
அந்தச் சொல்லை அதிகம் செலவழிக்கிறோம்.
கச்சேரி மாதாமாதம் ஏழைக்குக் கொடுக்கும் காசு
அவர்களுக்குப் பின் படி,
எங்களுக்குப் பிச்சைச் சம்பளம்.
ஒரே தாள், ஒரே கையெழுத்து.

செத்தவருக்கும் அனுப்பலாம் பின்னை.
கெண்டியிலிருந்து கிண்ணத்துக்குள்
நீர் நிரம்பி வழியும்வரை வார்ப்பார்கள்.
எஞ்சின் கடலுக்குப் போகும் ஒவ்வொரு விடியலும்
அவருக்கு ஒரு பங்கு போகிறதாம்.
விலை வாங்கினால் அன்றோடு நின்றுவிடும்.

அருமைலிங்கம் எழும்பினார்.
"அண்டைக்கு இவ பின் எண்டது காதில விழுந்தது, ஐயா.
பின் எண்டால் பிறகுதானே.
பிறகு தா எண்டு நினைச்சன்.
பதினொரு மாசமாச் சேர்த்தனான்."
நெஸ்டமோல்ட் டின்னை மேசையில் வைத்தார்.
சில்லறை உள்ளே சரிந்து அடங்கியது.

அதையும் சிங்களத்தில் சொன்னேன்.
குசுமாவதி சிரித்தாள்,
உடனே சிரிப்பை முந்தானையால் துடைத்தாள்.
டின்னைத் தொடவில்லை.

நான் ஒரு சொல்லையும் பிழையாகப் பெயர்க்கவில்லை.
அதனால்தான் இணக்கம் வரவில்லை என்று நினைக்கிறேன்.
அடுத்த சனிக்குத் தவணை.

வாசலில், மோட்டார்சைக்கிள் பெட்டியிலிருந்து
இரண்டு பாரையை எடுத்து நீட்டினார்.
அவள் செதிளைத் தூக்கிப் பார்த்தாள்,
சிவப்பாக இருந்தது,
வாங்கிக்கொண்டாள்.

இது எந்தச் சொல்லின் கீழ் வரும் என்று
யாரும் என்னைக் கேட்கவில்லை.
நான் கொடுப்பனவுப் படிவத்தில்
ஒப்பமிட்டுக்கொண்டிருந்தேன்.