தண்டல் வீட்டுக்காரி

"மிஸ் தண்டல்தானே? மூணு மாசம் பாக்கி."
கார் தவணை கேட்கிற பையன்
சிரிப்பை அடக்குவது கேட்கிறது.
தமிழ்ப் பையன்.

ஜெலுத்தோங் சந்தை மீன்காரர்கூட
வட்டி எவ்வளவு என்று கேட்டவர்தான்.

வெல்ட் கீயில் கப்பல் தள்ளி நிற்கும்.
ரங்கூன் அரிசிக்கும் கரைக்கும் நடுவில்
ஒரு தொங்கான், பதினோரு ஆள்,
அவர்களை அதட்ட ஒருவன்.
அந்த ஒருவனுக்குப் பெயர் தண்டல்.
வசூலுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை
என்று இவனிடம் எப்படிச் சொல்ல.

பேரேட்டின் முன் அவர் நின்ற அன்று
கிராணிக்குப் பசியோ,
பேனாவில் மை வழிந்ததோ,
வேலையைப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டான்.
சிக்கந்தர் மீரா என்கிற பெயர்
கட்டத்துக்கு வெளியே, கடல் பக்கம் போயிற்று.

எழுதப் படிக்கத் தெரியாதவர்,
பெருவிரலை அழுத்திவிட்டு
மூட்டை எண்ணப் போனார்.

பினாங்கு ஸ்திரீட் கிட்டங்கியில்
அவர் பேரில் பதினான்கு வெள்ளி கடன் இருந்ததாம்.
தண்டலிடம் தண்ட
மாதாமாதம் ஆள் வந்ததாம்.
நாலு தலைமுறையாக
இதை மட்டும் தவறாமல் சொல்கிறோம்.

"வெள்ளிக்கிழமை கட்டிடறேன்" என்றேன்.
"சரிங்க மிஸ்,
பேரை ஒருதரம் எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க,
இங்கே தப்பா இருக்கு போல."